நகைச் சீட்டு: போனஸைப் பார்ப்பதா, சேதாரத்தைப் பார்ப்பதா?

#1 · கேழ்வரகு

மாசம் 5,000 ரூபாய் ஒதுக்க முடியும். அடுத்த தைக்குள்ள தினம் போட்டுக்கிற மாதிரி ஒரு செயின், அஞ்சாறு கிராம்ல வேணும். மூணு வழி இருக்கு.

முதல் கடையில 11 மாசம் பணமா கட்டணும், 12-வது தவணையைக் கடையே போடும். ஆக 60,000 ரூபாய்க்கு நகை எடுத்துக்கலாம். சேதாரம் வழக்கம்போல உண்டு. ரெண்டாவது கடையில கட்டுற அன்னிக்கு என்ன விலையோ அந்த விலைக்குக் கிராமா வரவு வைப்பாங்க. போனஸ் கிடையாது, ஆனா 12 சதவீதம் வரைக்கும் சேதாரம் தள்ளுபடி. மூணாவது, வங்கியில ஆர்டி, அதாவது மாசாமாசம் கட்டுற வைப்பு போட்டுட்டு, கையில பணத்தோட போய்ப் பேரம் பேசி வாங்குறது.

"சீட்டு கட்டினா லாபம்"னு எல்லாரும் சொல்றாங்க. எவ்வளவு லாபம்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. கணக்கு தெரிஞ்சவங்க போட்டுக் காட்டுங்க.

#2 · ரசீதுப்புலி

சீட்டைப் பற்றிப் பேசும் முன் ரசீதைப் பிரித்துப் பார்ப்போம். எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் எனப் பிடித்துக்கொள்கிறேன். விலை எதுவானாலும் விகிதம் மாறாது.

8 கிராம் செயின், சேதாரம் 12 சதவீதம்:

தங்கம்: 80,000
சேதாரம் 0.960 கிராம்: 9,600
இரண்டும் சேர்த்து: 89,600
ஜிஎஸ்டி 3 சதவீதம்: 2,688
ஹால்மார்க் (தங்கத்தின் தூய்மையைச் சோதித்து அடிக்கும் முத்திரை) கட்டணம், உருப்படிக்கு 45 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத வரியும்: 53.10
மொத்தம்: 92,341.10

கைக்கு வருவது 8 கிராம். காசு கொடுப்பது 8.960 கிராமுக்கு. கைக்கு வராத அந்த 0.960-க்கும் 3 சதவீத வரி உண்டு. "செய்கூலி இல்லை" என்று பலகை வைத்திருக்கும் கடையில் செய்கூலி சேதாரத்துக்குள் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

செய்கூலிக்கு 5 சதவீத வரி என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடையில் செய்த நகையாக வாங்கும்போது மொத்தத்துக்கும் 3 தான். நம் தங்கத்தை நாமே பட்டறையில் கொடுத்துக் கூலிக்குச் செய்யச் சொன்னால் அந்தக் கூலிக்கு 5. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

#3 · குன்றிமணி

அந்த 0.960 கிராம் எங்கே போகுது? உண்மையிலேயே சேதாரமாகுதா?

#4 · உலைக்களம்

எங்கயும் போறதில்லைங்க.

கைவேலையில தங்கத்தை உருக்கி, துளைத் தகட்டுல கம்பியா இழுத்து, குச்சியில சுத்தி, வளையம் வளையமா வெட்டி, கோத்து, பொடி வச்சு ஊதி ஒட்டி, அரம் போட்டு, மெருகு ஏத்தணும். ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் உதிரும். ஆனா உதிர்றதை யாரும் விட்டுடறதில்லை. அரத்தூள் மடித்தோல்ல விழும். மெருகுத் தூசி பெட்டியில சேரும். கை கழுவுற தண்ணியைக்கூடத் தொட்டியில பிடிச்சு வைப்பாங்க. பட்டறை கூட்டுற மண்ணைக் காசு கொடுத்து வாங்கிட்டுப் போய் அரிச்சுத் தங்கம் எடுக்கறதே தனித் தொழில். ஒட்டுமொத்தமா நிஜமாத் தொலையறது ரொம்பக் கம்மி. மெஷின் செயின்ல இன்னும் கம்மி.

அப்ப 12 சதவீதம்ங்கறது என்ன? பட்டறைக் கூலி, கடை லாபம், வாடகை, விளம்பரம் எல்லாத்துக்கும் சேர்த்து வச்ச பேருங்க அது. பழைய பேரு ஒட்டிக்கிச்சு.

இதுல யாரும் கவனிக்காத ஒண்ணு இருக்குது. கிராம் 5,000 வித்தப்ப 8 கிராம் செயினுக்கு 12 சதவீதச் சேதாரம் 4,800 ரூபாய். கிராம் 10,000 ஆனா அதே செயினுக்கு 9,600. மெஷின் அதே மெஷின், செய்யற நேரமும் அதே நேரம். தங்கம் ஏற ஏறக் கூலியும் கூடவே ஏறுது, ஏன்னா அது ரூபாய்ல இல்லாம சதவீதத்துல இருக்குது. பேரம் பேச இதைவிட நல்ல காரணம் கிடையாதுங்க.

பொதுவா மெஷின் செயின், கல் இல்லாத வளையலுக்குச் சேதாரம் கம்மி. கல் வச்சது, நகாஸ் வேலை, கைவேலை ஆரம்னா 18, 20, 25னு போகும். எடை ரொம்பக் கம்மியா, பார்வைக்குப் பெருசா இருக்கற மாடல்லயும் சதவீதம் ஜாஸ்தி. அஞ்சு கிராம்ல அகலமாத் தெரியற செயினைக் காட்டுனா முதல்ல சேதாரத்தைக் கேளுங்க.

#5 · மஞ்சள்பை

சரி, சீட்டுக்கு வருவோம். 55,000 கட்டினால் 5,000 போனஸ். 9 சதவீதம்போலத் தெரியும், ஆனால் மொத்தப் பணமும் ஒரு வருடம் அங்கே கிடப்பதில்லை. முதல் தவணை 11 மாதம் இருக்கும், கடைசித் தவணை ஒரு மாதம். சராசரி 6 மாதம். 6 மாதத்துக்கு 9 என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். எந்த வங்கி தரும்? ஆர்டியை விட்டுவிட்டுச் சீட்டில் சேரச் சொல்ல இது போதாதா? அல்லது எங்காவது பிடிக்கிறானா?

#6 · ரசீதுப்புலி

பிடிக்கும் இடம் சேதாரம். மஞ்சள்பை போட்ட கணக்கு சரி, ஆனால் அது பணமாகத் திரும்பி வந்தால்தான் 18. இது அந்தக் கடையில், அவர்கள் சொல்லும் சேதாரத்தில், நகையாக மட்டும் வரும்.

கடைக்கு இதில் இரண்டு ஆதாயம். வட்டியில்லாத முதல் கிடைக்கிறது, 11 மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் வேறெங்கும் போக முடியாமல் கல்லாவுக்கு வருகிறார். கையில் ரொக்கம் இருந்தால் "8 சதவீதத்துக்குத் தருகிறீர்களா, எதிர்க்கடைக்குப் போகட்டுமா" என்று கேட்கலாம். சீட்டு அட்டையோடு நிற்பவர் அப்படிக் கேட்க முடியாது.

கேழ்வரகு கேட்ட கணக்கு. வாங்கும் நாளில் கிராம் 10,000.

முதல் கடை: கையில் 60,000. சேதாரம் 14 சதவீதம் என்று வைப்போம். கிராமுக்கு 10,000 × 1.14 × 1.03 = 11,742. கிடைப்பது 5.110 கிராம்.

ஆர்டி: 6.5 சதவீதம் என்று பிடித்தால் 11 மாதத்தில் வட்டி சுமார் 1,790. கையில் 56,790. பேரம் பேசி 8 சதவீதத்துக்கு வாங்கினால் கிராமுக்கு 11,124. கிடைப்பது 5.105 கிராம்.

வித்தியாசம் 5 மில்லிகிராம், அதாவது 50 ரூபாய். 5,000 ரூபாய் போனஸை 6 சதவீதச் சேதாரம் முழுதாக விழுங்கிவிட்டது.

முதல் கடையில் அதே செயினுக்குச் சேதாரம் 10 சதவீதம் என்றால் 5.296 கிராம் வரும், அப்போது சீட்டு வெல்கிறது. ஆகவே சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி "போனஸ் எவ்வளவு" என்பதல்ல. நீங்கள் எடுக்க நினைக்கும் மாடலைக் கையில் எடுத்து, "இன்றைக்கு ரொக்கம் கொடுத்தால் இதற்கு எவ்வளவு சேதாரம், சீட்டில் வந்தால் எவ்வளவு?" இரண்டு எண்ணையும் வாங்குங்கள்.

#7 · குன்றிமணி

ரெண்டு எண்ணையும் ஒரே விற்பனையாளர்கிட்ட கேட்காதீங்க. ரொக்க விலையை நகை காட்டுறவர்கிட்ட கேளுங்க, சீட்டுச் சேதாரத்தைச் சீட்டுக் கவுண்டர்ல கேளுங்க. அப்பதான் நிஜ எண் வரும்.

#8 · கேழ்வரகு

இது தெளிவா இருக்கு, நன்றி சார். ரெண்டாவது கடை? கிராமா வரவு வைக்கிறது? விலை இறங்கிட்டா நஷ்டம்தானே?

#9 · ரசீதுப்புலி

ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, இரண்டையும் பார்ப்போம்.

முதல் தவணை அன்று கிராம் 9,000, பிறகு மாதம் நூறு நூறாக ஏறி 11-வது தவணையில் 10,000 என்று வையுங்கள். முதல் மாதம் 0.556 கிராம், இரண்டாவது 0.549 என்று குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் 0.500. மொத்தம் 5.796 கிராம் வரவில் இருக்கும். செயினின் சேதாரம் 12-க்குள் இருந்தால் கட்ட வேண்டியது ஜிஎஸ்டி 1,739 ரூபாய் மட்டும். (ஹால்மார்க் ஐம்பத்து மூன்று ரூபாயை எல்லாக் கணக்கிலும் விட்டுவிட்டேன்.) அதாவது 56,739 ரூபாய்க்கு 5.796 கிராம். ஆர்டி வழியில் ஏறக்குறைய இதே பணத்துக்கு 5.105. கிட்டத்தட்ட 0.7 கிராம் வித்தியாசம்.

இப்போது திருப்பிப் போடுங்கள். 10,000-த்தில் தொடங்கி 9,000-த்துக்கு இறங்குகிறது. வரவு அதே 5.796 கிராம்தான், எண்கள் வரிசை மாறியதே தவிரக் கூட்டல் மாறவில்லை. ஆர்டிக்காரர் 9,000 விலையில் 8 சதவீதச் சேதாரத்தோடு வாங்கினால் கிராமுக்கு 10,011 ரூபாய் 60 காசு, கிடைப்பது 5.672. விலை இறங்கியபோதும் கிராம் சீட்டு கொஞ்சம் முன்னால்தான் நிற்கிறது, சேதாரத் தள்ளுபடி தாங்கிப் பிடிக்கிறது.

தாங்காத அளவுக்கும் இறங்கலாம். 2024 ஜூலை 23 அன்று பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்று ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் விழுந்தது. அதற்கு முந்தைய வாரம் தவணையைக் கிராமாக மாற்றியவர்களுக்கு அந்த ஒரு தவணையில் நஷ்டம். 11-இல் ஒன்று என்பதால் பெரிய காயமில்லை. மொத்தமாக முன்பணம் கட்டியவர்களுக்குத்தான் வலி.

#10 · உலைக்களம்

கிராம் சீட்டுல மூணு இடத்துல கண்ணு வைக்கணுங்க.

"12 சதவீதம் வரை" தள்ளுபடின்னா, 18 சதவீத மாடல் எடுத்தா மிச்சம் 6 நீங்க கட்டணும். சில கடையில அதைவிட மோசம், 12-க்கு மேல போற மாடலுக்குத் தள்ளுபடியே கிடையாதுன்னு அட்டைக்குப் பின்னால பொடி எழுத்துல இருக்கும்.

ரெண்டாவது, வரவுல 5.796 கிராம் இருக்க, பிடிச்ச செயின் 8 கிராம் இருந்தா, மிச்சம் 2.204 கிராமுக்கு அன்னைக்கு விலையும் முழுச் சேதாரமும் வரும். விற்பனை ஆளுங்க எப்பவும் கொஞ்சம் எடை கூடுன மாடலைத்தான் முதல்ல எடுத்து வெப்பாங்க. வரவு எடைக்குப் பக்கத்துலயே இருக்கறதைக் கேளுங்க.

மூணாவது, காசு, பிஸ்கட், கல் நகை, வைரம் பெரும்பாலும் சேராது. செயின் எடுக்கறவருக்கு இது பிரச்சனையில்லை.

#11 · மஞ்சள்பை

ஏன் எல்லாக் கடையிலும் 11 மாதம்? 24 மாதச் சீட்டு ஏன் இல்லை? முன்பெல்லாம் நீண்ட சீட்டுகள் இருந்தனவே.

#12 · சட்டப்பை

பெயர் சீட்டு என்றாலும் இது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் வரும் சீட்டு அல்ல. அந்தச் சீட்டில் ஏலம் உண்டு, கழிவு உண்டு, பதிவாளர் உண்டு. நகைக்கடைச் சீட்டு என்பது பொருளுக்குக் கொடுக்கும் முன்பணம்.

கம்பெனியாகப் பதிவான கடை வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் 2014-ஆம் ஆண்டு வைப்புநிதி விதிகளின்படி அது 'டெபாசிட்' ஆகிவிடும், அதற்கான கட்டுப்பாடுகள் எல்லாம் தலையில் விழும். அதனால்தான் 11 தவணை, பிறகு சில நாள் அவகாசம், ஓராண்டுக்குள் நகை. 2019-இல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டத்துக்குப் பிறகு, ஓராண்டைத் தாண்டிப் பணம் பிடித்து "வட்டி" என்ற சொல்லைப் பயன்படுத்தும் கடையைக் கண்டால் விலகி நில்லுங்கள்.

இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்கட்டும். வங்கி ஆர்டிக்கு, அந்த வங்கியில் உள்ள மற்ற வைப்புகளோடு சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நகைச் சீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. கடை மூடிவிட்டால் தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை, முழுத்தொகை வரும் என்று யாரும் சொல்ல முடியாது. கேழ்வரகு சொன்ன இரண்டாவது கடையின் 0.7 கிராம் லாபத்தை இந்த ஆபத்தோடு சேர்த்து எடை போடுங்கள்.

#13 · குன்றிமணி

சேர்ற முன்னாடி பார்க்க ஒரு சுலபமான வழி: எதிர்க்கடை ஒரு தவணை போனஸ் தரும்போது இவங்க மட்டும் ரெண்டு தவணை தர்றேன்னா, மூணு தவணை தர்றேன்னா, அந்தப் பணம் எங்கிருந்து வருதுன்னு யோசிங்க. நகை விக்கிற லாபத்துல அவ்வளவு இடம் கிடையாது. அடுத்தவர் தவணையிலதான் இருக்கும்.

#14 · மஞ்சள்பை

நான் வேறு ஒரு வழி சொல்கிறேன். செயினை மறந்துவிட்டுத் தங்க ஈடிஎஃப், அதாவது பங்குச் சந்தையில் பங்குபோல வாங்கி விற்கும் தங்க நிதி, வாங்குங்கள். சேதாரம் இல்லை, ஜிஎஸ்டி 3 இல்லை, திருட்டுப் பயம் இல்லை. 12 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. நகையானால் அதே வரிச் சலுகைக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும். அரசின் தங்கப் பத்திரம் இன்னும் நன்றாக இருந்தது, ஆண்டுக்கு 2.5 சதவீத வட்டியும் கொடுத்தார்கள். ஆனால் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை.

#15 · ரசீதுப்புலி

முதலீடு என்றால் நீங்கள் சொல்வதோடு முழு உடன்பாடு. நகையை முதலீடு என்று சொல்வதை நானும் ஏற்க மாட்டேன். வாங்கிய மறுநாளே விற்றாலும் சேதாரமும் வரியும் போய்விடும், #2-இல் போட்ட செயினில் 12,341 ரூபாய் காற்றில் போகும்.

ஆனால் கேழ்வரகு கேட்டது கழுத்தில் போட்டுக்கொள்ள. ஈடிஎஃப்பில் சேர்த்து, அதை விற்று, வரி கட்டி, பிறகு கடைக்குப் போனால் அங்கே சேதாரமும் 3 சதவீதமும் காத்திருக்கும். நகைதான் முடிவு என்றால் ஈடிஎஃப் சேதாரத்தைக் குறைக்காது, விலை ஏற்றத்திலிருந்து மட்டும் காக்கும். அந்த வகையில் அது கிராம் சீட்டு மாதிரி, சேதாரத் தள்ளுபடி இல்லாத கிராம் சீட்டு. கடை மூடிவிடுமோ என்ற பயம் இல்லாதது அதன் பலம்.

செயலியில் பத்து ரூபாய்க்கு விற்கும் 'டிஜிட்டல் தங்கம்' இதுவல்ல. அது தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்தது.

#16 · கேழ்வரகு

மாசாமாசம் அரை கிராம் காசா வாங்கிச் சேர்த்து, கடைசியில செயினா மாத்திக்கிட்டா?

#17 · உலைக்களம்

வேண்டாங்க. சின்னக் காசுக்கு அச்சுக்கூலி கிராமுக்குக் கணக்குப் பண்ணினா ஜாஸ்தி வரும், ஒவ்வொரு தடவையும் 3 சதவீத வரி. கடைசியில செயின் வாங்கறப்ப செயினோட முழு மதிப்புக்கும் மறுபடி 3 சதவீதம். பழசைக் கொடுத்துப் புதுசு எடுத்தா வித்தியாசத் தொகைக்கு மட்டும் வரின்னு நெனைக்கறாங்க, அப்படி இல்லைங்க, புது நகை முழுசுக்கும் வரி.

இன்னொண்ணு, காசு பெரும்பாலும் 24 கேரட், செயின் 22. ஒரு கிராம் சுத்தத் தங்கத்துக்குச் சுமார் 1.09 கிராம் 22 கேரட் வரணும். காசைக் கொடுக்கறப்ப கிராமுக்குக் கிராம்னு எழுதிட்டா ஒவ்வொரு கிராமுக்கும் 0.09 கிராம் போச்சு. வங்கியில வாங்குன காசா இருந்தா வங்கி திரும்ப எடுத்துக்காது, எப்படியும் கடைக்குத்தான் வரணும்.

#18 · தராசுமுள்

எந்த வழியில் போனாலும் கடைசியில் தராசு முன்னால் நிற்க வேண்டும். அங்கே ஏமாறுவது சேதாரத்தில் ஏமாறுவதைவிட எளிது, அதனால் கொஞ்சம் விரிவாக.

எடை. தட்டு வெறுமையாக இருக்கும்போது 0.000 காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். மேலே மின்விசிறி சுற்றினால் கடைசி இலக்கம் ஆடும், கண்ணாடி மூடியைப் போடச் சொல்லுங்கள். விலை அட்டையும் நூலும் பிளாஸ்டிக் உறையும் கழற்றிய பிறகுதான் எடை. 100 மில்லிகிராம் கூடுதலாக ஏறினால், கிராம் 10,000 விலையில் அது ஆயிரம் ரூபாய், அதன் மேல் சேதாரம், அதன் மேல் வரி.

அட்டை. மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்று இருக்கும். தங்கத்துக்குப் பணம் நிகர எடைக்கு மட்டும். கெம்பு, முத்து, மெழுகு, அரக்கு எதுவும் தங்கமில்லை. வளையலும் குண்டும் உள்ளே பொள்ளலாக இருந்தால் அரக்கு நிரப்பியிருக்கிறதா என்று கேளுங்கள். கல்லுக்குத் தனி விலை போடட்டும், ஆனால் தங்க விலையில் போடக் கூடாது. விற்கும்போது அந்தக் கல்லைக் கடை சும்மாகூட வாங்காது.

முத்திரை. செயினில் கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாக் கடையிலும் உண்டு, கேட்டால் தருவார்கள். மூன்று குறி இருக்க வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோணம், 22 கேரட் தூய்மையைச் சொல்லும் 22கே916, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக அடிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி எண். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடை விற்கக் கூடாது. எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கடை, எந்த மையம் சோதித்தது, என்ன நகை, என்ன தூய்மை என்று வரும். கையில் செயின் இருக்கச் செயலி "மோதிரம்" என்று காட்டினால் அந்த எண் அந்தச் செயினுக்கு அடித்தது அல்ல. அதே இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, குழந்தைத் தோடு வாங்குபவர்கள் நினைவில் வையுங்கள்.

#19 · குன்றிமணி

கேடிஎம் முத்திரைன்னு சொல்றாங்களே, அது?

#20 · தராசுமுள்

கேடிஎம் முத்திரையே இல்லை. காட்மியம் கலந்த பொடி வைத்து ஊதும் முறையின் பெயர். அதன் புகை ஆசாரிகளின் நுரையீரலைக் கெடுத்ததால் பிஐஎஸ் அதை அனுமதிப்பதில்லை. "கேடிஎம் நகை, சுத்தம்" என்று இன்றைக்கும் ஒரு கடை சொன்னால் அங்கே ஹால்மார்க்கையும் கூர்ந்து பார்க்கலாம்.

சந்தேகம் வந்தால் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் நாமே கொடுத்துப் பார்க்கலாம், நான்கு உருப்படி வரை 200 ரூபாய். ஹால்மார்க் நகையில் குறிப்பிட்ட தூய்மை இல்லை என்று தெரிந்தால், குறைந்த அளவுக்கான மதிப்பில் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் கடை தர வேண்டும். இதற்கு ரசீது வேண்டும். வரி ரசீது இல்லாத கச்சாச் சீட்டில் "செயின் 1" என்று எழுதி வாங்கிய நகைக்கு இந்த உரிமையைக் காட்ட வழியில்லை.

#21 · ரசீதுப்புலி

கச்சா பற்றி வந்ததால்: "ரசீது வேண்டாம் என்றால் 3 சதவீதம் குறையும்" என்று சொல்லும் கடை உங்களுக்கு 3 சதவீதம் கொடுத்து, புகார் கொடுக்கும் உரிமையை வாங்கிக்கொள்கிறது. மலிவான வியாபாரம், அவர்களுக்கு.

#22 · கேழ்வரகு

கிராம் சீட்டுப் பக்கம் சாய்றேன். செயின் சேதாரம் 12-க்குள்ள இருக்கிற மாடல்தான். தவணை கட்டும்போது எதைக் கவனிக்கணும்? விலை குறைஞ்ச நாளாப் பார்த்துக் கட்டலாமா?

#23 · உலைக்களம்

கட்டலாம். பல கடையில மாசத்துக்குள்ள எந்த நாளும் கட்டலாம்னு விட்டிருப்பாங்க, சில கடையில மட்டும் சேர்ந்த தேதி. ஆனா விலையைத் துரத்தாதீங்க, 20-ஆம் தேதி இறங்கும்னு காத்திருந்து 30-ஆம் தேதி ஏறுன விலைக்குக் கட்டறவங்கதான் ஜாஸ்தி. சென்னையில காலையில ஒரு விலை அறிவிப்பாங்க, சில நாள் சாயங்காலம் மாத்துவாங்க. செயலியில பணம் போட்டா எந்த நேர விலை வரவாகுதுன்னு மட்டும் முதல் தவணையிலயே பார்த்து வெச்சுக்குங்க.

தவணை ஒண்ணு தவறுனா பல கடையில சேதாரச் சலுகையே போயிடும். அதனால வங்கிக் கணக்குல தானா எடுத்துக்கற மாதிரி வைங்க.

#24 · சட்டப்பை

சேரும்போது நான்கு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நடுவில் நிறுத்தினால் பணமாகவா, நகையாகவா, எந்த விலையில்? கடைசித் தவணைக்குப் பிறகு எத்தனை நாளுக்குள் நகை எடுக்க வேண்டும், தாண்டினால் என்ன ஆகும்? சேதாரத் தள்ளுபடியில் சேராத நகைகள் எவை? வாரிசு நியமனம் உண்டா? அட்டையில் கிராம் வரவு மூன்று தசமத்தோடு எழுதியிருக்க வேண்டும். "ரூ. 5,000 பெறப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அது பணச் சீட்டு, வாயால் என்ன சொல்லியிருந்தாலும் சரி.

#25 · தராசுமுள்

மாடலைப் படம் எடுத்து, அட்டையில் இருக்கும் எடையையும் இன்றைய சேதாரச் சதவீதத்தையும் படத்திலேயே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 11 மாதம் கழித்துப் போகும்போது அதே வகைச் செயினுக்கு 16 சதவீதம் என்று சொன்னால் காட்ட ஏதாவது கையில் இருக்கும்.

#26 · கேழ்வரகு

நாளைக்குப் போய் ரொக்கச் சேதாரம், சீட்டுச் சேதாரம் ரெண்டையும் கேட்டுட்டு வந்து இங்கயே போடறேன். குன்றிமணி சொன்ன மாதிரி தனித்தனி ஆள்கிட்ட.

#27 · குன்றிமணி

சனி, ஞாயிறு போகாதீங்க, கூட்டத்துல யாரும் எண் சொல்ல மாட்டாங்க. செவ்வாய்க்கிழமை மதியம் போங்க, கடை காலியா இருக்கும்.